எல்லாத் திருடனும் இப்படித்தான் சொல்வான்

என் அப்பா ஒரு சினிமாவில் நடித்திருக்கிறார். எங்கள் வீட்டைப் பற்றி எதைப் பேசினாலும் இதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நான் ஆரம்பிக்காவிட்டால் ஊர் ஆரம்பித்துவிடும்.

எண்பதுகளில் எடுத்த படம். அப்போது நான் பிறக்கவில்லை, நைனாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. (எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம்.) ரெண்டு திருடர்கள் ஒரு பணக்காரர் வீட்டில் திருடப் படகேறி வருவார்கள். ஊர் மாறி ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் இறங்கிவிடுவார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து ஊரே அவர்களை விழுந்து விழுந்து கவனிக்கும். இவ்வளவுதான் கதை. தயாரிப்பாளர் கையில் காசில்லை என்பது ஒவ்வொரு காட்சியிலும் பல்லிளிக்கும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அதே ஆட்கள் அடுத்த காட்சியில் தொப்பி போட்டுக்கொண்டு போலீஸாக வருவார்கள். பழவேற்காட்டுக்குப் படம் பிடிக்க வந்தவர்களுக்குப் படகு தள்ளப் போனவர் நைனா. நடிக்க ஆள் போதவில்லை என்று அவரையே கேமரா முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

அவர் வருகிற காட்சி இதுதான். திருடர்கள் பெண் வீட்டுக்குள் திருடிக்கொண்டிருக்கும்போது விளக்கு அணைந்துவிடும். இருட்டில் முட்டி மோதி ஓடியதில் திருடர்கள் வெளியே வந்துவிடுவார்கள், வீட்டுக்காரர் உள்ளே மாட்டிக்கொள்வார். துடுப்பும் கையுமாக ஓடிவரும் நைனா கதவை வெளியே தாழ்போட்டுவிடுவார். உள்ளேயிருந்து, “டேய், நாந்தான்டா வூட்டுக்காரன், கதவத் தொறடா!” என்று கத்தல். நைனா கேமராவைப் பார்த்து, “எல்லாத் திருடனும் இப்படித்தான் சொல்வான்!” என்பார். ரெண்டு திருடர்களும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்று, “ஆமாண்ணே, ஆமாண்ணே” என்று கதவைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். அதோடு விட்டாரா? அவர்கள் திருடிய டிரங்குப் பெட்டியை அவர்கள் தலையிலேயே தூக்கிவைத்து, “பாத்துப் போங்க, ஊர்ல திருடன் பூந்துட்டான்” என்று வழியனுப்பியும் வைப்பார்.

படம் பொன்னேரிக் கொட்டகையில் வந்த சுருக்கில் போய்விட்டது. சில வருஷம் முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் அதை யூடியூபில் ஏற்றிவிட்டார். வாய் ஒரு பக்கம் அசைய, வசனம் ஒரு பக்கம் வரும். ஆனால் யூடியூப் வருவதற்கு முன்பும் எங்கள் குப்பத்தில் அந்த வசனம் செத்ததே இல்லை. மீன் பொரித்த சட்டியில் கைவைக்கவில்லை என்று பிள்ளை சொன்னால், தாய்க்காரி அதைத்தான் சொல்வாள். பஞ்சாயத்தில் ஒருவன் எழுந்து நான் குடிக்கவே இல்லை என்றால், பின்னாலிருந்து நாலு குரல் அதைத்தான் சொல்லும். நைனாவுக்கு அதில் பெருமை தாங்காது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

நான் பழவேற்காட்டில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். கணவருக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலை, ஷிப்ட். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். எங்கள் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த காலனி வீடு. வரிசையாக எல்லாம் ஒரே அச்சு. ஒரே ஜன்னல், ஒரே படி, ஒரே தகரக் கதவு. அடையாளத்துக்கு என்று நாங்கள் கதவுக்கு நீலம் அடித்தோம். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட். எல்லார் வீட்டிலும் படகு இருக்கிறது, எல்லாரிடமும் மிச்சப் பெயிண்ட் இருக்கிறது. அடுத்த மழைக்குள் பாதி வரிசை நீலமாகிவிட்டது.

முதலில் வந்தது ஒரு குக்கர் மூடி. நைனா கையில் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார். யாருடையது என்று கேட்டால், “நம்மளுதுதான், வேற யாருது?” என்றார். அப்புறம் ஒரு டிவி ரிமோட். அப்புறம் ஒரு பள்ளிக்கூடப் பை. ஒருநாள் பக்கத்து வீட்டு அக்காவின் குழம்புச் சட்டியைக் கரண்டியோடு சூடாகத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே அக்கா வந்தாள்.

“இன்னாமா, உங்க நைனா நேரா உள்ள வந்தாரு, அடுப்ப அணைச்சாரு, சட்டியத் தூக்கினாரு, போய்க்கினே கீறாரு. உப்பு கூட இன்னும் போடல.”

சிரித்தோம். வேறு என்ன செய்வது? சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், வீட்டில் சேர்ந்திருக்கும் ஊரான் வீட்டுச் சாமான்களை வாசல் வாசலாகத் திருப்பிக் கொடுப்பது எனக்கு ரெண்டாவது வேலையாகிவிட்டது. அவர் ஒரு பொருளையும் திருடவில்லை. ஒவ்வொரு வீட்டையும் தன் வீடு என்று நினைத்து நுழைந்தார், அங்கே இருந்ததை எடுத்தார், வெளியே வந்ததும் எப்படியோ எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அந்த ‘எப்படியோ’வை நம்பித்தான் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சென்னைக்குக் கூட்டிப்போய்க் காட்டியதில் டாக்டர் மறதி நோய் என்றார். எழுதிக்கொடுத்த மாத்திரையை எனக்குத் தெரியும். கடையில் நானே எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். “கேக்குமா?” என்று கேட்பார்கள். “கேக்கும், விடாம போடுங்க” என்பேன். அது கேட்காது என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்யை எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

வரிசைக் கடைசி வீட்டுப் பெண்ணுக்கு வெளியூர் மாப்பிள்ளை. துறைமுகத்தில் வேலை கிடைத்து மாமியார் வீட்டோடு வந்திருந்தான். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து காலையில் தூங்குகிறவன் கண்விழித்தால், முன்பின் தெரியாத ஒரு கிழவர் மிக்ஸியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். பாய்ந்து பிடித்துவிட்டான். பிடித்ததோடு இல்லாமல் ஒன்று விட்டும்விட்டான். “திருடன், திருடன்!” என்ற சத்தம் கேட்டு ஊர் கூடியது. அன்று எனக்கு வார விடுமுறை. நானும் ஓடினேன்.

நைனாவின் உதடு கிழிந்திருந்தது. அவன் பிடியிலிருந்து திமிறிக்கொண்டே அவர் கத்தினார்: “டேய், நாந்தான்டா வூட்டுக்காரன்! வுட்றா!”

கூட்டத்தில் யாரோ, வாய் சும்மா இருக்காத ஒரு ஆள், பின்னாலிருந்து சொன்னான்: “எல்லாத் திருடனும் இப்படித்தான் சொல்வான்.”

குபீரென்று சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த மாப்பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை, திருதிருவென்று விழித்தான். நைனாவும் சிரித்தார், சிரித்ததில் உதட்டில் ரத்தம் இன்னும் கசிந்தது. நானும் முந்தானையால் அதைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். வீட்டுக்குக் கூட்டிவந்து கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அந்தப் பையன் விஷயம் தெரிந்ததும் வந்து காலில் விழுந்துவிட்டான். காலில் விழுந்தவனிடம் என்ன சண்டை போட முடியும்?

அதற்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு அக்கா ஒரு யோசனை சொன்னாள். எங்கள் குப்பத்தில் வீட்டில் ஆள் இல்லையென்றால் கதவைப் பூட்டுகிற வழக்கம் இல்லை. ஒரு பழைய வலைத்துண்டை வாசலில் குறுக்கே கட்டிவிட்டுப் போவோம். நாயும் பூனையும் கருவாட்டுக்கு உள்ளே போகாது. மனுஷனும் போகக்கூடாது. வலை கட்டிய வாசலைத் தாண்டுகிறவனுக்குப் பஞ்சாயத்தில் அபராதம் உண்டு. நடக்கப் பழகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இது.

“உங்க நைனா எல்லாத்தையும் மறந்தாலும் இத்த மறக்க மாட்டாரு. நாங்க உள்ள இருந்தாலும் வாசல்ல வலையக் கட்டிக்கிறோம். அவர் பாட்டுக்கு வந்து பாத்துட்டு திரும்பிப் பூடுவாரு” என்றாள்.

சொன்னபடியே ஆயிற்று. மறுநாள் காலையில் வரிசை முழுக்க வலை தொங்கியது. உள்ளே டிவி ஓடுகிறது, குழந்தை அழுகிறது, மிளகாய் வறுக்கிற நெடி வருகிறது, வாசலில் மட்டும் ஆள் இல்லை என்று வலை. என் வாசலில் மட்டும் இல்லை. நைனா ஒவ்வொரு படியாக ஏறினார், வலையைத் தொட்டுப் பார்த்தார், இறங்கினார். கடைசியில் வலையில்லாத வாசலுக்கு வந்து உள்ளே நுழைந்தார். எனக்கு அந்த ஜனங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. தங்கள் வீட்டுக்குத் தாங்களே குனிந்து நுழைந்து போய்வந்துகொண்டிருந்தார்கள், ஒரு கிழவருக்காக. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

சில வாரம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இப்போது நினைக்கப் பிடிக்கவில்லை.

ஊரில் எல்லா வாசலிலும் ஒன்றாக வலை தொங்குகிற நாள் ஒன்று உண்டு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புயல் எச்சரிக்கை வருகிற நாள். பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தி, குப்பத்தையே ஏற்றி, உள்ளே தள்ளியிருக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார்கள். வீட்டுக்கு வீடு வலையைக் கட்டிவிட்டு ஓடுவோம். அப்படிப்பட்ட நாட்களில் நைனா பஸ் ஏற மாட்டார். ஏரியில் தொழிலுக்குப் போனவர்கள் திரும்பினார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியாக வருவார். யாரும் அவருக்குக் கொடுத்த பொறுப்பு இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. அம்மா அதற்காகவே அவரோடு ஒவ்வொரு புயலுக்கும் சண்டை போடுவாள்.

அன்றைக்கு வெயில் பளீரென்று அடித்தது. நான் கடையில் இருந்தேன். நைனா வீட்டைவிட்டு வெளியே வந்து வரிசையைப் பார்த்திருக்கிறார். எங்கள் வாசலைத் தவிர ஒரு வாசல் பாக்கியில்லாமல் வலை. மீன் ஏலத்துக்குப் பெண்கள் போயிருந்த நேரம், தெருவிலும் ஆள் இல்லை. இத்தனை நாளும் வலையைப் பார்த்துத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த மனுஷனுக்கு அன்று மட்டும் என்ன தோன்றியதோ, கரைக்கு ஓடினார். கட்டியிருந்த யாருடைய படகையோ அவிழ்த்தார், கோலை ஊன்றி ஏரிக்குள் தள்ளிக்கொண்டு போனார். வலைபோட்டுக் காத்திருந்த படகுகள் கண்ணுக்குத் தெரிந்ததும் எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துத் தலைக்கு மேலே சுற்றினார்.

எங்கள் ஏரியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். புயல் வருகிறது, இருப்பதை அள்ளிப் போட்டுக்கொண்டு கரைக்கு வா.

நைனாவுக்கு மறதி என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச தூரத்திலேயே முகம் தெரியாத வெயில், தண்ணீரில் கண் கூசுகிறது. துண்டு சுற்றுகிறது என்பது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. கை தானாக வேலை செய்துவிட்டது. வலையைப் பாதியில் இழுத்து, சிக்கலோடு படகில் அள்ளிப் போட்டுக்கொண்டு, அத்தனை பேரும் கரைக்கு விரட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பது எங்களுக்கு முறைவைத்து நடக்கிற காரியம். அந்த முறையைப் பாடு என்போம். உன் பாடு வந்தால் அன்றைக்கு அந்த இடம் உன்னுடையது. விட்டால் போச்சு. உனக்கு மறுபடி கொடுத்தால் பின்னால் காத்திருக்கிற எல்லாருடைய பாடும் தள்ளிப்போகும், அதற்கு எந்தத் தலைவரும் சம்மதிக்க மாட்டார். அதுவும் இறால் ஓடுகிற சமயம். அன்றைக்குப் பாடு விழுந்திருந்தவர்கள் எல்லாருக்கும் அந்தப் பாடு போச்சு.

அக்கா போன் செய்து நான் ஓடிவந்தபோது, ஈர வலைகளின் நடுவே ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். நைனா படகை விட்டு இறங்காமல் நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அந்த முகத்தை நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

“எல்லாம் வந்து சேந்துட்டாங்களா?” என்று என்னிடம் கேட்டார்.

“வந்துட்டாங்க நைனா.”

“எம் பொண்ணு பஸ் ஏறிட்டாளா? பயந்துக்கும் அது. காத்து சத்தம்னாவே ஆகாது அதுக்கு.”

“ஏறிட்டா நைனா. நீ எறங்கு.”

எனக்குக் காற்றுச் சத்தம் ஆகாது என்பது உண்மை. இப்போதும் ஆகாது. அதை நினைவு வைத்திருக்கிறவருக்கு என்னைத் தெரியவில்லை.

யாராவது திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஒருவரும் திட்டவில்லை. பாடு போன ஒரு பையனிடம் போய், “என்ன மன்னிச்சுர்றா” என்றேன். அவன் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே நிமிராமல், “வுடுக்கா” என்றான். அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா, தான் சொன்ன யோசனையால்தான் இப்படி ஆயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளையும் நான்தான் தேற்ற வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஊர்க்கூட்டம் கூடியது. அபராதம் பேசுவார்கள் என்று நினைத்தேன். அபராதம் போட்டுவிட்டால் தேவலை என்றும் நினைத்தேன். தலைவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னிக்கு ஏரிக்குப் போனாரு. நாளைக்கு இன்னோரு நெனப்புல கடலுக்குப் பூட்டாருன்னா இன்னாமா பண்ணுவ? நீயும் வேலைய வுட முடியாது. வெளிய போறப்ப பூட்டிக்கினு போ. ஒரு சாவிய பக்கத்து வூட்ல குடு.”

வேலையை விட்டால் மாத்திரைக்கும் வழியில்லை, சோற்றுக்கும் வழியில்லை. கணவரின் ஒப்பந்தம் இந்த மாதம் உண்டு, அடுத்த மாதம் தெரியாது. கூட்டத்தில் ஒருவராவது அந்தச் சினிமா வசனத்தை எடுத்துவிட மாட்டார்களா என்று பார்த்தேன். கிண்டல் செய்யக்கூட ஆளில்லாமல் ஆகிவிட்டோம் என்று தோன்றியது. கணவர் பொன்னேரியிலிருந்து பூட்டு வாங்கிவந்தார். இந்த வரிசையில் முதல் பூட்டு எங்களுடையது. அதே நாளில் மற்ற வாசல்களில் இருந்த வலைகளை எல்லாரும் அவிழ்த்துவிட்டார்கள்.

மறுநாள் காலை நைனாவுக்கு இட்லி கொடுத்து, மாத்திரை கொடுத்து, தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்து, அம்மா போட்டோ தெரிகிற மாதிரி பாயை நகர்த்திப் போட்டேன். வெளியே வந்து கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி அழுத்தினேன். சின்னச் சத்தம்தான். உள்ளே பாய் சரசரத்தது. காலடி கதவுவரை வந்தது. ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ரெண்டாம் முறை இழுக்கவில்லை.

இப்போது கத்துவார் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் கத்த வேண்டும் என்றுதான் நின்றேன். “டேய், நாந்தான்டா வூட்டுக்காரன்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த நிமிஷமே பூட்டைத் திறந்து ஏரியில் வீசியிருப்பேன். கடைசி வீட்டில் அடி வாங்கிக்கொண்டு அவர் அதைச் சொன்னபோது அது தப்பு. இங்கே சொன்னால் சரி. இது அவர் பேரில் கொடுத்த வீடு.

அவர் ஜன்னலுக்கு வந்தார். கம்பிக்கு வெளியே ரெண்டு கையையும் நீட்டினார். உள்ளங்கையைக் காட்டி, பிறகு திருப்பிப் புறங்கையையும் காட்டினார்.

“தாயே, தெரியாம பூந்துட்டேன். இது எவன் வூடோ, எனக்குத் தெரியாது. ஒண்ணும் எடுக்கல, கையப் பாத்துக்கோ. அடிக்காதீங்க.”

“நைனா, இது நம்ம வூடு நைனா.”

“அப்டித்தான் நெனச்சிக்கினு பூந்தேன், தாயே. தப்புதான்.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு வாசலில் சாவியை மடியில் முடிந்துகொண்டு நின்ற அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெருமுனையில் ஷேர் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். அவனை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும்.

“இந்த வூட்டுக்காரன் எப்ப வருவான்?” என்று நைனா கேட்டார்.

“சாயங்காலம் வந்துருவாரு.”

“வந்தா நீயே சொல்லு தாயே, நான் ஒண்ணும் எடுக்கலன்னு.”

“சொல்றேன்” என்றேன்.